புள்ளிக் கையெழுத்து

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் சனிக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு வங்கியைச் சாத்திவிட வேண்டும். சாத்துவதற்குக் கொஞ்சம் முன்னால், டாக்சி டிரைவர் சத்தார் ஒரு மொட்டைத் தலையரை அழைத்துவந்து அக்கவுண்டண்ட் வேதாசலத்தின் மேசைமுன் நிறுத்தினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திருத்தணியே அன்று மொட்டையாகத்தான் இருந்தது.

"சார், இவரு மொரீஷியஸ் தீவுலேர்ந்து வந்துகிறாரு. பேரு ஆறுமுகம். பேருதான் நம்ம பேரு. தமிழு ஒரு வார்த்த வராது."

"என்ன வேணுமாம்?"

"துட்டு."

வந்தவர் பாஸ்போர்ட்டையும் ஒரு மெல்லிய பயணிகள் காசோலைப் புத்தகத்தையும் மேசைமேல் வைத்தார். நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னார். நேற்று மலைமேல் முடியிறக்கிவிட்டு, மடியில் இருந்த ரூபாய் முழுவதையும் உண்டியலில் போட்டுவிட்டார். கையில் உள்ளதெல்லாம் முருகனுக்கு என்று வேண்டுதல். காசோலைப் புத்தகம் மனைவியின் பையில் இருந்ததால் பிழைத்தது. அது எந்த ஊரிலும் பணமாகும் என்று சொல்லித்தான் தீவில் விற்றார்களாம். இன்று இரவு சென்னையில் பம்பாய் ரயில். அதை விட்டால் தீவுக்கு விமானம் அடுத்த வாரம்தான். மனைவி லாட்ஜில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். வாடகை கொடுக்காமல் பெட்டி வெளியே வராது.

கிருத்திகை நாட்களில் மட்டும் இப்படிப்பட்ட காசோலைகளை மாற்றித்தரத் திருத்தணிக் கிளைக்கு அனுமதி உண்டு. மேனேஜர் விடுப்பில் இருந்தார். பொறுப்பு வேதாசலத்துடையது. முகம் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். காசோலை வாங்கிய அன்று மேலே போட்ட கையெழுத்தும், இப்போது அதிகாரியின் எதிரில் கீழே போடும் கையெழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். தவறினால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

பாஸ்போர்ட்டைத் திறந்தார். படத்தில் இருந்தவருக்குச் சுருட்டை முடி, அடர்ந்த மீசை. எதிரில் நின்றவருக்கு இரண்டும் இல்லை. சந்தனம் மட்டும் இருந்தது.

காசாளர் பத்மா எட்டிப் பார்த்தாள். "சார், இவரு யாரோ, ஃபோட்டோல இருக்கறது யாரோ."

"நேத்து காலைல வரைக்கும் இந்த ஆளுதாம்மா அந்த ஆளு. நான் சாட்சி" என்றான் சத்தார்.

"நீ சாட்சியா? இவருக்குப் பணம் வந்தாத்தானே உனக்கு வாடகை?"

"அதனாலதான் சார் இவ்ளோ உறுதியா சொல்றேன்."

பத்மா சிரித்துவிட்டாள். சத்தாருக்குத் தைரியம் வந்தது.

"கோச்சிக்காதீங்க சார். உங்க தலையிலயுந்தான் சந்தனம் காயல. நேத்து வூட்டுக்குப் போனப்ப அம்மா கதவத் தொறந்தாங்களா, இல்ல யாருன்னு கேட்டாங்களா?"

வேதாசலத்தின் கை தானாகத் தலைக்குப் போனது. பிறகு அவர் முடியை விட்டுவிட்டுக் காதைப் பார்த்தார். இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பைப் பார்த்தார். இரண்டும் படத்தில் இருந்தன.

"சரி" என்றார். "ஆள் இவர்தான்."

அதற்குப் பிறகுதான் காசோலையின் மேல்பக்கத்தைப் பார்த்தார்.

கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் கடுகு சிந்தியதுபோல் புள்ளிகள் கிடந்தன. ஒரு கோடு கிடையாது. தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து எழுத்தாயின. தமிழ் எழுத்து.

வள்ளியம்மாள்.

அடுத்த காசோலையைப் புரட்டினார். அதிலும் அதே. பாஸ்போர்ட்டில் கையெழுத்துப் போடும் இடத்திலும் அதே. தாளைப் பத்மாவிடம் நீட்டினார். அவள் உதடு அசையத் தொடங்கியது.

"வாயத் தொறக்காதம்மா" என்றார்.

வந்தவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். "உங்கள் மனைவியின் பெயர் என்ன?"

"சந்திரா."

"இது என்ன?"

மனிதர் நிமிர்ந்து நின்றார். "என் பெயர். தமிழில்."

அவர் பிறந்தது கரும்புத் தோட்டத்தில். வீட்டில் ஒரு பித்தளைச் சொம்பு உண்டு. கொள்ளுத்தாத்தா கப்பலேறியபோது கொண்டுபோனது. அதன் கழுத்தோரம் இந்தப் புள்ளிகள் இருக்கும். அப்பா அவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்து, இதுதான் நம் பெயர் என்றார். அப்பாவுக்கு அவருடைய அப்பா அப்படித்தான் காட்டினார். விரல் பழகும்வரை தடவ வேண்டும். பிறகு தாளில் போட வேண்டும். தமிழை இப்படித்தான் எழுதுவார்கள் என்று அவர் நினைத்திருந்தார்.

வேதாசலத்தின் வீட்டுப் பரணிலும் அப்படிச் சொம்புகள் உண்டு. பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் பாத்திரத்தில் பெண்ணின் பெயரைத்தான் வெட்டுவார்கள். பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து, சின்ன உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டித் தருவார்கள். எந்த ஊரிலோ கல்யாணமாகிப் புருஷனோடு கடலைத் தாண்டிய ஒருத்தி. அவள் பெயரை ஆண்கள் வழிவழியாகத் தங்கள் பெயரென்று போட்டுவருகிறார்கள்.

"போடுங்கள்" என்று பேனாவைக் கொடுத்தார்.

மனிதர் பேனாவைச் சாய்த்துப் பிடிக்கவில்லை. உளிபோல நெட்டுக்குத்தாகப் பிடித்தார். குனிந்தார். தட்டத் தொடங்கினார்.

டொக். டொக். டொக்.

பத்மா நோட்டு எண்ணுவதை நிறுத்தினாள். கதவருகே நின்ற காவலாளி ஆறடி உள்ளே வந்து நின்றான். வ ஒரு பக்கம் வளைந்தது. ளகரம் தன் சுழியைத் தானே சுற்றிக்கொண்டது. எழுதுபவருக்குத் தான் எழுதுவது எந்த எழுத்தென்று தெரியாது. ஒரு இடத்திலும் கை தயங்கவில்லை. கடைசி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

வேதாசலம் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது வருடமாக அவர் கையெழுத்துப் போடுகிறார். திங்கட்கிழமை போட்டது செவ்வாய்க்கிழமை போட்டதுபோல் இருந்ததில்லை. இங்கே ஒரு புள்ளி விலகவில்லை. என்றோ ஒரு பாத்திரக் கடை வாசலில் ஒருவன் தட்டியது அப்படியே கடலுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்திருந்தது. அவருக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. தலையில்தான் ஒன்றுமில்லை.

"சார், பேரு வேறயாச்சே" என்று பத்மா மெதுவாகச் சொன்னாள்.

"கையெழுத்து ஒண்ணா இருக்கணும்னுதாம்மா விதி. ஒண்ணாத்தான் இருக்கு. பாஸ்போர்ட்லயும் அதேதான். குடு."

பத்மா பணத்தைக் கொடுத்தாள். காவலாளி கதவின் ஒரு பக்கத்தைச் சாத்தினான். "வாங்க, ரயிலு நமக்காக நிக்காது" என்று சத்தார் கைகாட்டினான்.

மனிதர் பணத்தை மடியில் செருகிக்கொண்டார். ஆனால் நகரவில்லை. மேசைமேல் கிடந்த காசோலையின் புள்ளிகள்மேல் விரலை வைத்து ஆங்கிலத்தில் சொன்னார்:

"ஐயா, எங்கள் தோட்டத்தில் இதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நான் போட்டிருக்கிறேனே தவிர, யாரும் படித்து நான் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, சத்தமாகப் படித்துக் காட்டுவீர்களா?"