நாற்பது குதிரைகளும் ஒன்பதாம் விதியும்

நண்பர்களைக் கூட்டி ஒரு நாள் முழுக்க மேசைப் போர் விளையாட்டு நடத்துவது என்ன பாடு என்று அந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரைக் கேட்டால் தெரியும். மூன்று வருஷமாக அவர்தான் நடத்துகிறார். கூடம் பிடிப்பது, மேசையில் பச்சைத் துணி விரித்து மலையும் ஆறும் அமைப்பது, எந்தப் பொம்மைச் சிப்பாய் எத்தனை அங்குலம் நகர்ந்தான் என்ற தகராறைத் தீர்ப்பது, புள்ளி போடுவது, எல்லாம் அவர் தலையில். ஆடுவது மட்டும் மற்றவர்கள்.

இந்த முறை அவர் விடுவதாயில்லை. துப்பாக்கியும் குதிரையும் சேர்ந்தே போருக்குப் போன காலத்துக் குதிரைப்படை ஒன்று அவரிடம் இருந்தது. கட்டைவிரல் உயரத்தில் நாற்பது வீரர்கள். கடையில் ஆள் வராத நேரமெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு வருஷம் வர்ணம் தீட்டியது. ஒரு தடவைகூட மேசை ஏறவில்லை. ஆட வருகிறவர்களில் ஒருவரான பள்ளிக்கூட வாத்தியார் மூன்றாம் சுற்றுக்கு முன்பே கிளம்பிவிடுவார் என்று தெரிந்ததும் அந்த இடத்தைத் தனக்கென்று எழுதிக்கொண்டார். ஒரே ஒரு ஆட்டம், அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஆறு பேர், வடக்கு தெற்கு என்று இரண்டு அணி, மூன்று சுற்று. ஒரு சுற்றின் புள்ளி அடுத்ததோடு சேரும். காலையில் செத்த சிப்பாய் சாயங்காலம் எழுந்து வரமாட்டான். இப்படிப் பதினொரு விதிகளை அவரே எழுதி, ஆளுக்கொரு தாள் கொடுத்து, "நட்பு ஆட்டம்தான். அதுக்காக ரூல் இல்லன்னு ஆயிடாது" என்று காலையில் ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தார்.

வகுப்பில் எப்படியோ, மேசையில் வாத்தியார் பொறுப்பில்லாத மனிதர். இரண்டே சுற்றில் தன் நாற்பது சிப்பாய்களில் முப்பத்தொரு பேரைக் காவு கொடுத்துவிட்டு, "மீதிய நீங்க பாத்துக்குங்க சார்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார். மீதி ஒன்பது பேர். அப்படியும் அவருடைய தெற்கு அணி மூன்றே புள்ளிதான் பின்தங்கியிருந்தது. கண்ணாடிக்காரர் உற்சாகமாகத் தன் பெட்டியைத் திறந்தார்.

எதிரே வடக்கு அணியின் பிளம்பர். அவர் தாளை எடுத்து விரல் வைத்துப் படித்தார்.

"அண்ணே, ஒம்பதாவது ரூல்ல மதியத்துக்கு மேல புதுப் படை எறங்கக் கூடாதுன்னு போட்டிருக்கே."

அந்த விதி பிறந்ததே பிளம்பருக்காகத்தான். போன வருஷம் கடைசிச் சுற்றில் வேனிலிருந்து ஒரு பை நிறையப் பீரங்கி கொண்டுவந்து இறக்கி எல்லோருடைய வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டவர் அவர்.

"இது வேறப்பா. நான் வாத்தியார் எடத்துல ஆடுறேன்."

"அவரு எடம்னா அவரு படைதானே. ஒம்பது பேரு."

"நட்பு ஆட்டம்தானே?"

"நட்புதான்ணே. அதுக்காக ரூல் இல்லன்னு ஆயிடுமா?"

கிண்டலாகச் சொல்லியிருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம். பாவி மனுஷன் பக்தியோடு சொன்னார். மற்றவர்களில் ஒருவர் பகடையைத் துடைத்தார், இன்னொருவர் மின்விசிறியைப் பார்த்தார். நடத்துகிறவர் நினைத்தால் விதியை மாற்றலாம். மாற்றினால் அப்புறம் எவன் அவர் தாளை மதிப்பான்? பற்றிக்கொண்டு வந்தது அவருக்கு. பிளம்பர் மீதல்ல, தன் மீதே. தன் கையாலேயே எழுதி, நகல் எடுத்து, விநியோகமும் செய்திருக்கிறாரே. பெட்டியை மூடினார்.

ஒன்பது பேரும் பன்னிரண்டு நிமிஷம் தாக்குப்பிடித்தார்கள். பிறகு அவர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பக்கத்து மேசையில் அரை அங்குலத் தகராறு ஒன்றைத் தீர்க்கப் போனார்.

முடிவில் வடக்கு வென்றது. "அருமையா நடத்துனீங்கண்ணே. அடுத்த வருஷமும் நீங்கதான்" என்றார் பிளம்பர். எல்லோரும் கை தட்டினார்கள். கண்ணாடிக்காரரும் சரியென்று தலையாட்டித் தொலைத்தார்.

வாசலில் மனைவி காரோடு காத்திருந்தாள். பெட்டியோடு வருகிறவரைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டாள்.

"என்னங்க, ஒங்க குதிரைக்காரங்கள்ல எத்தன பேரு செத்தாங்க?"

"ஒருத்தனும் சாகல."

"நாப்பது பேரும் பத்திரமா இருக்காங்களா?"

"ம்."

"அப்ப நீங்கதான் ஜெயிச்சீங்களா?"

அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சீட் பெல்ட்டை மாட்டினார்.