ஹுஜுராத் விளக்கிய வெள்ளிக்கிழமை

அந்த வியாழன் மாலை ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி ரஹ்மத்துன்னிசா, மகள் ஜைத்தூன், பக்கத்து வீட்டு துலுக்கானம். அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் யாரும் இருக்கவில்லை.

ஜைத்தூன் முந்தின நாள்தான் பூந்தமல்லியிலிருந்து பெட்டியோடு வந்திருந்தாள். "நாலு நாள் இருந்துட்டுப் போறேன் அத்தா" என்றாள். நான் காரணம் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் ஆண்கள் இதையெல்லாம் கேட்பதில்லை.

அவள் உள்ளே தொழுதுகொண்டிருந்தபோது துலுக்கானம் வந்தான். அவன் நல்லவன். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கோச்சுக்காதே பாய். பூந்தமல்லி டெலிபோன் பூத்துல உன் மாப்ளயப் பாத்தேன். அண்ணங்காரன்கிட்ட உருதுல பேசிக்கினு இருந்தாரு. தலாக்கு, தலாக்குன்னு ரெண்டு தபா சொன்னாரு."

"மூணாவது தடவை?" என்று என் மனைவி பதறினாள்.

"அதுக்குள்ள என் பஸ்சு வந்துட்ச்சிம்மா."

நாங்கள் தமிழ் பேசும் ராவுத்தர்கள். மாப்பிள்ளை இம்தியாஸ் ஆம்பூர்க்காரர், உருது பேசுபவர். அந்தச் சம்பந்தத்தை நான்தான் பிடிவாதமாக முடித்தேன். அன்று மாலையே பள்ளிவாசல் ஜமாஅத்துக்கு மனு எழுதினேன். என் மகளை அவர்கள் விலக்குமுன் நானே அவளை விலக்கிக்கொள்வதாக.

"மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன். கேட்டா கிரீடம் விழுந்துடுமா?" என்றாள் ரஹ்மத்துன்னிசா. நான் மனுவில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் ஜும்ஆ தொழுகையில் மனு என் சட்டைப்பையில் இருந்தது. குத்பா பிரசங்கத்துக்கு முன் பள்ளி இமாம் அஸரத்து, குர்ஆனின் நாற்பத்தொன்பதாம் அத்தியாயமான ஹுஜுராத்தை விளக்கினார். தீயவன் ஒரு செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள். அறியாமல் பிறருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னால் வருந்தாதீர்கள். சிறுவயதிலிருந்து நான் ஓதிவரும் வசனம். செய்தி கொண்டுவந்தவன் தீயவன் இல்லையே என்று முதலில் நினைத்தேன். பிறகு உறைத்தது. தீயவன் சொல்லியிருந்தால் நானே சந்தேகப்பட்டிருப்பேன். நல்லவன் சொன்னதால் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. விசாரிப்பது தாழ்வு என்று நான் நினைத்திருந்தேன். அல்லாஹ்வோ அதைக் கட்டளையாக வைத்திருக்கிறான்.

மனுவை வாங்கவேண்டிய ஜமாஅத் தலைவர் முத்தவல்லியிடம் போகாமல் பூந்தமல்லி பஸ் ஏறினேன்.

இம்தியாஸ் கடைவீதியிலேயே எதிர்ப்பட்டார். நின்றபடியே கேட்டேன். அவர் முகம் வெளுத்தது.

"தலாக்கா? அஸ்தக்ஃபிருல்லாஹ்! தலாஷ் மாமு, தலாஷ்! தேடுறது! வீட்டுக்காரர் வீட்டை வித்துட்டார், ஒரு வாரத்துல காலி பண்ணணும். வீடு தலாஷ் பண்றேன்னு அண்ணன்கிட்ட சொன்னேன்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

அவர் தரையைப் பார்த்தார். "நிக்காஹ் பேசும்போது சொந்த வீடு இருக்கான்னு மூணு தடவை கேட்டீங்க மாமு. இப்ப வாடகை வீடும் இல்லைன்னு எப்படிச் சொல்வேன்? நான்தான் ஜைத்தூனையும் சொல்ல வேணாம்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைவீதி என்றும் பாராமல், கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மாப்பிள்ளை பயந்துபோய் எனக்கு சோடா வாங்கிக் கொடுத்தார். மனுவை அங்கேயே டீக்கடை அடுப்பில் போட்டேன்.

வீடு திரும்பியதும் துலுக்கானத்திடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ பாய், நல்ல எண்ணத்துலதான் சொன்னேன்!"

"எண்ணம் நல்லதுதான். காதுதான் மோசம்."

அடுத்த வாரமே ஜைத்தூனும் மாப்பிள்ளையும் காட்டுப்பாக்கத்தில் குடியேறினார்கள். மாப்பிள்ளையைச் சமாதானப்படுத்த அந்த வீட்டை நான் வாங்கிக் கொடுத்ததாக உறவில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அது வாடகை வீடு. வாடகை கொடுப்பவர் மாப்பிள்ளை. வீட்டைத் தேடிப் பிடித்தவன் துலுக்கானம்.