எதிர்வீட்டுச் சன்னல் திரை

காலை எட்டு மணிக்குள் சமையலறைச் சன்னலின் திரை மேலே ஏறியிருக்க வேண்டும். ஆர்ன்விக் என்ற அந்தச் சிற்றூரில் அதுதான் வழக்கம். ஏறாவிட்டால் எதிர்வீட்டிலிருந்து யாராவது பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டுவார்கள். ஒரு பனிக்காலத்தில் தனிக்கட்டை ஒருவர் செத்துக் கிடந்தது நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் வந்த ஏற்பாடு.

அப்போது நாற்பது வீடு. நீராவி இஞ்சின் எட்டு மைலுக்கு ஒருதரம் தண்ணீர் பிடிக்கவேண்டும் என்றுதான் ரயில்காரன் இங்கே ஓர் ஊரை வைத்தான். டீசல் வந்ததும் இஞ்சினுக்குத் தாகம் தீர்ந்தது. கடைசியில் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடம் மூடியது, கோதுமைக் கிடங்கு எரிந்தது. இருபத்துநாலு மைல் நேராக வரும் சாலை இங்கே மட்டும் சட்டென்று ஒடிந்து திரும்பும். பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்கிவிடும்; நில அளவைக்காரர்கள் அந்தக் கணக்கைச் சரிசெய்த இடமாம். அந்த ஒடிவில் எதிரும் புதிருமாக மிஞ்சியது இரண்டே வீடு. ஒன்றில் செல்மர், மற்றதில் வெர்னா. இருவருக்கும் எண்பது தாண்டிவிட்டது.

செல்மரின் மனைவி இறந்தபோதே மகள் ஜனெல் அவரைப் பிஸ்மார்க் நகரத்துக்குத் தன்னோடு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். அவர் அசையவில்லை.

"சரிப்பா. வெர்னா ஆன்ட்டி எதிர்ல இருக்கற வரைக்கும்தான். அப்புறம் ஒரு பேச்சு கிடையாது, எங்கூட வந்துடணும்" என்றாள்.

எட்டைத் தாண்டி ரெண்டு நிமிஷம் ஆனால் போதும், வெர்னா ரோட்டிலிருந்தே கத்துவாள்.

"ஏ செல்மர்! போய்ச் சேந்துட்டியா, இல்ல சோம்பலா?"

"நீ கத்துற கத்துக்கு செத்தவனும் எழுந்து உக்காருவான்."

"அப்ப காபியப் போடு. பூட்ஸ் மாட்டுனது வீணாகக் கூடாது."

ஏப்ரலில் வெர்னா வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். மகன் வந்து மைனாட் நகரத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். காரில் ஏறும்போது சாவியைச் செல்மர் கையில் திணித்தாள். "வீட்ட ஒரு கண்ணு பாத்துக்க" என்றாள்.

செல்மர் மகளிடம் வாயைத் திறக்கவில்லை. ஞாயிறு தவறாமல் போன் வரும்.

"வெர்னா ஆன்ட்டி வீட்டுத் திரை ஏறிருச்சாப்பா?"

"ஏறிருச்சும்மா."

பொய்யில்லை. ஏழரைக்கு அவரே ரோட்டைத் தாண்டிப் போய் ஏற்றிவிட்டு வருவார். அப்புறம் தன் திரையை ஏற்றிவிட்டுக் காபியோடு உட்கார்ந்து எதிர்ச் சன்னலைப் பார்ப்பார். யாரோ எழுந்துவிட்டார்கள் என்று இருக்கும். பொழுது சாய்ந்ததும் போய் இறக்கிவிடுவார்.

நவம்பரில், முதல் பனி விழுந்த சனிக்கிழமை, காய்ச்சல் அடித்தது. எழுந்தார், தலை சுற்றியது, மறுபடி சாய்ந்துவிட்டார். மணி எட்டு. ஒன்பது. படியில் பூட்ஸ் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். இந்நேரம் பாத்திருப்பா, வந்துடுவா. பத்துமணி வாக்கில் பனி தள்ளும் வண்டி உறுமிக்கொண்டு போனது. ஓட்டுகிறவனுக்குத் திரையைப் பற்றி என்ன தெரியும்?

நண்பகலில்தான் உறைத்தது. எதிர்வீட்டுத் திரையும் இறங்கித்தான் கிடக்கிறது. கதவைத் தட்ட வரவேண்டிய ஆளும் இதே கட்டிலில்தான் படுத்திருக்கிறான்.

மறுநாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க முடிந்தது. போன் அடித்தது.

"திரை ஏறிருச்சாப்பா?"

செல்மர் தன் திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தார். ரோட்டின் குறுக்கே ராத்திரி விழுந்த பனியில் ஒரு காலடி கூட இல்லை.

"இல்லம்மா."

"ஐயோ, போய்ப் பாத்தீங்களா?"

"பாக்க யாரிருக்கா? ஏப்ரல்லயே மகன் வீட்டுக்குப் போயிட்டா."

"எத்தன மாசம்ப்பா... சரி, நான் இப்பவே கெளம்பறேன். துணிய எடுத்து வைங்க" என்றாள்.

"மெதுவா வா. ரோடு ஒடியற எடத்துல வழுக்கும்."

அவள் வந்துசேர மூன்று மணி நேரம் ஆகும். செல்மர் பெட்டியை எடுக்கவில்லை. தன் திரையை ஏற்றினார். பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஆணியில் தொங்கிய வெர்னாவின் சாவியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுத் திரையை ஏற்றப் பனியில் இறங்கினார்.