இரண்டு மாமாக்கள்

லஸ்ஸில் மதுவந்தி வேலை பார்க்கும் ஆபீஸின் ஆடிட்டர் வெங்கடரமணன் அவளுக்கு மாமா. பெருங்குடியில் வேலை பார்க்கும் நண்பன் சாய்சரணும், கேலிக்கு, மாமா. ஆபீஸ் கணினியின் மெயில் முகவரிகளில் இருவரையும் 'மாமா' என்றே சேர்த்திருந்தாள்.

"மாமா, மெயிலைக்கூட தபால் மாதிரி நாலு மணிக்குத்தான் மொத்தமா அனுப்பணுமாம். கிழம் உயிரை வாங்கறது!"

சாய்சரணுக்கு என்று தட்டி அனுப்பிய பிறகுதான் பார்த்தாள். போனது ஆடிட்டருக்கு. வேலை போச்சு! பதறி அவுட்பாக்ஸைத் திறந்தாள். கடிதம் அங்கேயே, நாலு மணிக்காகச் சமர்த்தாகக் காத்திருந்தது. சட்டென்று அழித்தாள்.

உள்ளிருந்து ஆடிட்டர் கேட்டார். "மது, நாலாயிடுத்து. அனுப்பிடலாமா?"

"ஆஹா, பேஷா அனுப்பலாம் மாமா!"

"என்னடிம்மா, என்னிக்கும் இல்லாத உற்சாகம்?"

"நல்ல வழக்கம் மாமா. மாத்திடாதீங்கோ."