பழைய வழக்குகளுக்கும் பொருந்துமா?

யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் சட்டத்தரணியாக இருந்தவன் நான். சிட்னிக்கு வந்தபின் அந்தப் படிப்புக்கு மதிப்பில்லை. தபால் பிரிக்கும் வேலைக்குப் போனேன். ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமைகளில் தமிழ் வானொலி ஒன்றில் அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றி வாய்கிழியப் பேசத் தொடங்கினேன். ஏன் அமெரிக்கா? அவுஸ்திரேலியத் தீர்ப்புகளைப் பேசினால் பிழை பிடிக்க இங்கே நாலு தமிழ் லோயர்மார் இருந்தார்கள். அமெரிக்காவைப் பற்றி என்ன சொன்னாலும் கேட்க ஆளில்லை.

2012 ஜூன் கடைசியில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் கொலை வழக்கில் சிக்கினால், வயதைப் பாராமல் கட்டாயமாகச் சாகும்வரை சிறை என்று சட்டம் விதிக்கக் கூடாதாம். நான் அதை மைக்கின் முன்னால் கொண்டாடிக்கொண்டிருந்தபோது சிட்னிப் புறநகர் டூங்கபியிலிருந்து நாகபூசணி என்ற நேயர் தொலைபேசியில் வந்தார்.

போர்க்காலத்தில், பிள்ளையாவது தப்பட்டும் என்று பதினொரு வயது மகன் நிரோஜனை அமெரிக்காவிலிருந்த தங்கையிடம் அனுப்பியவள். பதினாறு வயதில் அவன் கூட்டாளிகளின் காருக்குள் இருந்தான். அவர்களில் ஒருவன் இறங்கிப்போய்க் கடைக்காரரைச் சுட்டுக் கொன்றான். காரில் வந்த மூவருக்கும் ஒரே தண்டனை, சாகும்வரை சிறை. அது நடந்து இன்னொரு பதினாறு வருடம் போய்விட்டது.

"சட்டத்தரணி ஐயா, இது பழைய வழக்குகளுக்கும் பொருந்துமோ?"

என்னை அப்படி யாரும் கூப்பிட்டு இருபது வருடம். நான் படித்திருந்தது பத்திரிகைச் சுருக்கம் மட்டும்தான். பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். மனம் குளிர்ந்துபோய், "ஓம் தங்கச்சி, மகன் வருவார்" என்றேன்.

பிறகுதான் முழுத் தீர்ப்பையும் வாசித்தேன். பழைய வழக்குகளுக்கு அது பொருந்தும் என்று எங்கும் சொல்லவில்லை. மாநில நீதிமன்றங்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லத் தொடங்கின. அடுத்த சனிக்கிழமையே திருத்தியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. நிரோஜன் இருந்த மாநிலம் நல்லபடி சொல்ல வேண்டும் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். அடுத்த வருடம் அந்த மாநில நீதிமன்றம், பழையவர்களுக்குப் பொருந்தாது என்று கதையை முடித்துவிட்டது.

அந்த வார ஞாயிறு காலை, உண்மையைச் சொல்ல அவள் வீட்டுக்குப் போனேன். கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தாள். சுவரோரம் புதிய சப்பாத்து மூன்று சோடி, மூன்று அளவில். மகனைக் கூட்டிவரப் போகும்போது கொண்டுபோகவாம்.

"அவன்ர கால் அளவு எனக்குத் தெரியாது அண்ணை" என்றாள்.

நான் வாயைத் திறக்க முன் தொலைபேசி அடித்தது. சிறையிலிருந்து நிரோஜன். கொஞ்சம் பேசிவிட்டு, உனக்கு நல்ல சேதி சொன்ன அங்கிள் வந்திருக்கிறார் என்று என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

"அங்கிள், எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை லோயர் சொன்னவர்." பதினொரு வயதோடு நின்றுபோன தமிழ். "அம்மாக்குச் சொல்லாதேங்கோ, ப்ளீஸ். இந்த ஒரு வருசம்தான் அவ சிரிச்சுக் கதைக்கிறா."

மன்னித்துக்கொள் தம்பி என்றேன். அதற்குள் நேரம் முடிந்து இணைப்பு அறுந்துவிட்டது. அவனுக்குக் கேட்டதோ தெரியாது.

நாகபூசணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்ன சொன்னவன் என்று கேட்டாள். கொஞ்சம் சுணங்குமாம், நாளெடுக்குமாம் என்றேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"சுணங்கட்டும் அண்ணை. நீங்கள் பிழையாச் சொல்லமாட்டியள்."