ஜன்னலோரத்து இரண்டு லேப்டாப்கள்

இன்சுவின் அறையில் கட்டில் போக மிச்சமிருந்தது கதவு திறக்கிற இடம் மட்டும்தான். சுவர் அட்டைக் கனம்தான். அவன் விசைகளைத் தட்ட ஆரம்பித்தால் பக்கத்து அறையில் பரீட்சைக்குப் படிக்கிறவர் சுவரில் குத்துவார். ஆனால் தட்டுவதுதான் அவன் பிழைப்பு. வீட்டுச் சாமான் விற்கிற ஒரு நிறுவனத்துக்கு வரும் புகார்களுக்குக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை திரையில் பதில் எழுத வேண்டும். எங்கிருந்து வேண்டுமானாலும் எழுதலாம் என்றுதான் வேலைக்கு எடுத்தார்கள். அப்படி உட்கார்ந்து எழுத ஓரிடம் தேடி அவன் சியோலில் பாதியை நடந்திருந்தான்.

நூலகத்தில் லேப்டாப் அறைக்குக் காலை ஏழுக்கே வரிசை நின்றது. பெரிய காபிக் கடைகள் பிளக்குகளின் மேல் மூடி போட்டு ஒட்டிவிட்டன. மங்வொன் சந்தைக்குப் பின்னால், இரண்டாம் மாடியில், மிஜின் என்ற பெண் நடத்திய சின்னக் கடைதான் கடைசியில் வாய்த்தது. அங்கேயும் 'ஒரு காபிக்கு மூன்று மணி நேரம்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தாள்.

மாங் தேகில் அங்கேதான் பழக்கமானார். ஐம்பத்தாறு வயதுக்காரர். இருந்த பதிப்பகம் மூடியபின், குக்கர், துணி துவைக்கும் இயந்திரம் இவற்றோடு வரும் கையேடுகளைத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரப் பலகையில் இருந்த ஒரே பிளக்கில் இருவரும் மாற்றி மாற்றிச் செருகிக்கொள்வார்கள்.

"தம்பி, உனக்கு எத்தனை பர்சென்ட் இருக்கு?"

"முப்பது, அண்ணே."

"பணக்காரன்டா நீ! எனக்கு ஒம்பது. கழட்டு, கழட்டு."

இதற்குமேல் அவர்கள் பேசிக்கொண்டது குறைவு. அவருக்குப் பொராம் என்று ஒரு மகள் இருக்கிறாள், இஞ்சியோனில் நர்சாக இருக்கிறாள் என்பது மட்டும் இன்சுவுக்குத் தெரியும்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மணி பதினொன்று பத்து இருக்கும். தேகில் நெஞ்சைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"காலைல தின்ன கிம்பாப் இங்கேயே நிக்குது. போய்ட்டு வந்துடறேன். இதைக் கொஞ்சம் பாத்துக்கோ."

"நான் எங்க போகப்போறேன், நிதானமா வாங்க."

கழிப்பறை கடைக்கு வெளியே, படிக்கட்டு திரும்புகிற இடத்தில் இருந்தது. அவர் முகம் வெளுத்திருந்ததை இன்சு பார்த்தான். பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பினான். ஒரு பெண்மணி உடைந்த அரிசி டப்பாவின் படத்தை அனுப்பிக் கத்திக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிமிடம் திரையைத் தொடாமலிருந்தால் அவன் பெயருக்கு நேரே சிவப்புக் குறி விழும். மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் ஒப்பந்தம் நீளாது. அந்த மாதம் அவனுக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தன.

பதினொன்றரைக்கு மிஜின் துணியோடு வந்தாள். "இவர் டைம் முடிஞ்சு போச்சே. ஆள் எங்க?"

"பாத்ரூம் போயிருக்கார், மேடம்."

"எவ்வளவு நேரமா? சாமானை வச்சு இடம் புடிச்சுட்டு வெளிய சாப்பிடப் போயிருப்பார். எல்லாரும் பண்றதுதானே. ஒரு காபிக்கு என் கடையையே எழுதி வாங்கிக்கிறீங்க!"

"அவர் அப்படிப்பட்டவர் இல்ல, மேடம்."

"யாரைக் கேட்டாலும் அப்படிப்பட்டவர் இல்லதான்" என்றபடி அவருடைய லேப்டாப்பை மூடி ஓரமாக ஒதுக்கினாள்.

பதினொன்று நாற்பதுக்கு அவருடைய ஃபோன் பலகையில் அதிர்ந்து நகர்ந்தது. திரையில் 'பொராம்' என்று வந்தது. அடுத்தவர் ஃபோனை எப்படி எடுப்பது என்று இன்சு அதைத் தொடவில்லை. அது நின்று, மறுபடியும் அதிர்ந்தது. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று இரண்டு தடவை நினைத்தான். பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனாரே, சாமானை விட்டுட்டு எப்படிப் போறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது பொய் என்று சொல்லும்போதே அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கடையில் எதையும் எவரும் தொட்டதில்லை.

பன்னிரண்டேகாலுக்கு ஒருவர் உள்ளே வந்து, "ஆம்பளைங்க பாத்ரூம் உள்ளே பூட்டியிருக்குங்க. எவ்வளவு தட்டினாலும் சத்தமே இல்ல" என்றார்.

மிஜின் சாவிக்கொத்தோடு ஓடினாள். இன்சுவும் பின்னாலேயே ஓடினான். கதவு பாதிதான் திறந்தது. உள்ளே அவர் கதவை ஒட்டி விழுந்து கிடந்தார். ஒரு காலணி கழன்றிருந்தது. மீட்புப் படையினர் வந்து, படிக்கட்டிலேயே கிடத்தி, நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்: "எப்ப உள்ள போனார்னு யாருக்காவது தெரியுமா?"

"இப்பத்தான்... கொஞ்ச நேரம் முன்னாடி" என்றான் இன்சு.

மாலை, ஆஸ்பத்திரியிலிருந்து மிஜினுக்குத் தகவல் வந்தது. அவர் பிழைக்கவில்லை.

இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் பொராம் கடைக்கு வந்தாள். அப்பாவின் சாமான்களைப் பையில் போட்டுக்கொடுத்த மிஜின், ஜன்னலோரம் இருந்த இன்சுவைக் கைகாட்டினாள். பொராம் வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கடைசியா எங்கப்பாகூடப் பேசினது நீங்கதானாமே. என்ன சொன்னாரு?"

"சாப்பிட்டது நெஞ்சுல நிக்குதுன்னார்."

"அப்ப மணி என்ன?"

திரையில் யாரோ ஒரு வாடிக்கையாளர் கேள்வி அனுப்ப, லேப்டாப் ஒலித்தது. இன்சு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"பதினொண்ணு பத்து" என்றான். "மீட்புக்காரங்ககிட்ட நான் பொய் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆச்சு. நான் எழுந்து போய்ப் பாக்கல."

"நான் ஃபோன் பண்ணினப்ப?"

"இங்கதான் இருந்தேன். உங்க பேரைப் பாத்தேன்."

அவள் கை பையின் வாரைச் சுற்றிச் சுற்றி முறுக்கியது. "அன்னிக்கு எனக்கு லீவு. மத்தியானம் சேர்ந்து சாப்பிடலாம்னு கூப்பிட்டேன். நீங்க எடுத்திருந்தா நான் கேட்டிருப்பேன், முகம் எப்படி இருந்துச்சு, வேர்த்துச்சான்னு. என் வேலையே அதுதான்."

"மன்னிச்சிடுங்க."

"ஏன் எழுந்திரிக்கல? அதை மட்டும் சொல்லுங்க."

சிவப்பைப் பற்றிச் சொன்னான். வாயிலிருந்து வெளியே வந்தபோது அது எவ்வளவு அற்பமாக ஒலித்தது என்று அவனுக்கே கேட்டது. பொராம் அவன் திரையையே வெறித்தாள். அந்தச் செவ்வாயன்றே மூன்றாவது விழுந்திருந்தது; இப்போது அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் பெயருக்கு நேரே நான்காவது சிவப்பும் விழுந்திருந்தது.

"இதுக்கா?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மாதக் கடைசியில் அவன் ஒப்பந்தம் முடிந்தது. மிஜின் கடையில் லேப்டாப்பே கூடாது என்று புதிதாக எழுதிப் போட்டாள். டிசம்பரில் வேறொரு நிறுவனத்தில் இதே வேலை கிடைத்து, விரைவுப் பேருந்து நிலையத்தின் காத்திருப்போர் கூடத்தில் இன்சு உட்கார ஆரம்பித்தான். அங்கே பிளக் இருக்கிறது, யாரும் எழுப்புவதில்லை. ஆனால் பக்கத்தில் யாராவது எழுந்து போனால், அவர்கள் திரும்பி வருகிறவரை அவனால் ஒரு வரிகூட எழுத முடிவதில்லை.