இரண்டு ஊசியும் தெரிந்ததாகச் சொன்னவள்

...கருமம், இந்தத் தலையணையில் எத்தனை பேர் தலை வைத்துப் படுத்தார்களோ, எண்ணெய்ப் பிசுக்கு கழுத்தில் ஒட்டுகிறது, பக்கத்துக் கட்டிலில் ஒருத்தன் சட்டையைக் கழற்றிப்போட்டு வயிறு முழுக்க ஊசிகளோடு குறட்டை விடுகிறான், மூலிகைப் புகையும் ஸ்பிரிட்டும் அவன் வேர்வையும் கலந்து அடிக்கிற நாற்றத்தில், காலையில் தின்ற இரண்டு இட்லியும் கருப்பாத்தாளுக்குத் தொண்டையில் வந்து நின்றது. வெறும் வயிற்றோடு வரக்கூடாதாம், அக்குபங்சருக்குப் புதிதாக வருகிறவர்கள் கவனிக்க என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்... வயிறு முட்டத் தின்றுவிட்டும் வரக்கூடாது, சாப்பிடுகிற மாத்திரையை மறைக்கக்கூடாது, ஊசி இறங்கும்போது சுருக்கென்றாலும் மரத்துக் கிடந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். ஆமாம், உள்ளதைச் சொல்லி உருப்பட்டவர்கள் யார்? மூலையில் குக்கர் விசிலடிக்கிறது, சோறு வேகிறதாக்கும் என்று எட்டிப் பார்த்தால் உள்ளே குத்தி எடுத்த ஊசிகளைச் சுத்தம் பண்ண வேகவைக்கிறார்களாம், சீ, இனி வீட்டில் குக்கரைத் திறந்தால் சோறு இறங்குமா?

மூன்று மாதமாக வலது கை விரல்கள் மரத்துப்போய், பனியன் கம்பெனியில் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் துணி நழுவி நழுவி ஓடுகிறது. "ஏனுங்க கருப்பாத்தா, திங்கக்கெழமைக்குள்ள கை சரியாகலீன்னா கைமடிக்குப் போயிருங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான் மானேஜர். கைமடியா! டெய்லருக்கு ஓரம் மடித்துக் கொடுக்கிற அந்த வேலையில் பதினோரு வருடம் கிடந்துதானே மிஷினில் ஏறினாள், மறுபடியும் பாவாடை தாவணிப் பிள்ளைகளோடு கீழே உட்காரவா? தூ. மிஷின் ஊசி நகத்தைத் துளைத்தாலும் அவள் கம்பெனியில் யாரும் கத்துவதில்லை, வெள்ளை பனியனில் ரத்தம் பட்டால் பீஸ் ரிஜெக்ட், கட்டிங் வேஸ்ட் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, சூபர்வைசர் கேட்டால் வலிக்கலீங்க என்று பல்லைக் காட்டவேண்டும். எத்தனை தடவை காட்டியிருப்பாள்... அந்தச் சிரிப்பை நினைத்தால் பக்கத்துக் கட்டில்காரனின் வேர்வையை விட அதிகமாகக் குமட்டியது.

"கண்ண மூடிக்கோங்க" என்று டாக்டர் தண்டாயுதபாணி அவள் கையைப் பிடித்தார், ஈரக் கை, உதறிவிடலாமா என்றிருந்தது. "தெரியுதுங்களா?" எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்ததோ, இல்லை வெறும் நினைப்போ... தெரியலீங்க என்றால் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவார், கம்பெனியில் கூடத் தைத்த பெரியாத்தாளை அப்படித்தான் அனுப்பினார், ஆப்பரேஷன் முடிந்து அவள் திரும்பி வந்தபோது அவளுடைய மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். "தெரியுதுங்க." "இப்பொ?" "சுருக்குங்குதுங்க." "இதுங்க?" "ஐயோ, இது நல்லாவே தெரியுதுங்க!"

பிடித்திருந்த கையை டாக்டர் விட்டார்.

"இத நான் இன்னும் குத்தவே இல்லீங்களே, ஊசி என்ற கையிலதான இருக்குது."

கண்ணைத் திறந்தாள். புறங்கையில் இரண்டு ஊசி நின்றது, மூன்றாவது அவர் விரல்களுக்கு நடுவே இருந்தது. அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "அப்பொ மொதல் ரெண்டும்?" என்று மெதுவாகக் கேட்டார். கைமடிக்குப் போனாலும் போகட்டும், சொல்லித் தொலைத்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள்... ஆனால் அந்த இரண்டும் தெரிந்ததா, தெரியவில்லையா, எத்தனை யோசித்தும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.